மணலில் நின்ற சுவர்

1799-ல் தஞ்சாவூர்ச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கம்பெனிக்காரர்கள் கண்டது கடல்போல் விரிந்த நெல் வயல்கள். ஒரு சில ஆண்டுகளிலேயே அவர்களுக்கு இன்னொன்றும் தெரிய வந்தது. அந்த வயல்களுக்கு உயிர் கொடுத்த ஆறு, ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக அவற்றை விட்டு விலகிக்கொண்டிருந்தது.

காரணம் திருச்சிக்கு மேற்கே இருந்தது. அங்கே காவிரி இரண்டாகப் பிரிந்தது. தெற்குக் கிளை காவிரி என்ற பெயரோடே தொடர்ந்தது. வடக்குக் கிளைக்குக் கொள்ளிடம் என்று பெயர். இரண்டுக்கும் நடுவே ஸ்ரீரங்கம் தீவாக நின்றது. வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்பதால் கொள்ளிடம் ஆயிற்று என்று ஊரில் பொருள் சொன்னார்கள். அதன் போக்கு நேரானது, சரிவு அதிகம். காவிரியோ நிதானமாக நடந்து, வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று கிளை பிரித்து ஊர் ஊராகத் தண்ணீர் கொடுத்துப் போனது. நிதானமாக நடக்கும் ஆறு தான் சுமந்துவரும் வண்டலை வழியிலேயே இறக்கி வைக்கும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் காவிரியின் தலைப்பில் மணல் மேடு உயர்ந்தது. மேடு உயர உயர, தண்ணீர் பள்ளமான கொள்ளிடத்தைத் தேடிப் போனது. தஞ்சைக்கு வர வேண்டிய நீர், ஒரு நாற்றங்காலைக்கூட நனைக்காமல் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

குடியானவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. குடிமராமத்து முறையில் ஊர் கூடி வாய்க்கால் தூர் எடுத்தார்கள். ஆற்றில் தண்ணீர் குறைந்த காலத்தில் மணலையும் தழையையும் மரக்கிளைகளையும் கொண்டு கொரம்பு போட்டு, ஓடுகிற நீரைத் தங்கள் வாய்க்கால் பக்கம் திருப்பினார்கள். அடுத்த வெள்ளம் கொரம்பை அடித்துக்கொண்டு போனது. மறுபடி போட்டார்கள். மறுபடி போனது. இந்தப் போராட்டத்தில் அவர்களுக்குத் துணையாக நின்றது ஒரே ஒரு பழைய கல் சுவர்தான். அதற்கும் இப்போது வயதாகிவிட்டது.

அந்தச் சுவர் கல்லணை. ஸ்ரீரங்கம் தீவைச் சுற்றி வந்த இரண்டு கிளைகளும் தீவின் கிழக்கு முனையில் மீண்டும் நெருங்கின. அந்த இடத்தில் காவிரி உயரத்திலும் கொள்ளிடம் பள்ளத்திலும் ஓடின. தடுக்க ஆளில்லாவிட்டால் காவிரியின் நீர் முழுவதும் கொள்ளிடத்தில் விழுந்துவிடும். அதைத் தடுக்கத்தான் கரிகால் சோழன் அங்கே கல்லணையைக் கட்டினான் என்பது வழிவழி வந்த செய்தி. சுமார் 329 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 5.4 மீட்டர் உயரத்தில் பாம்பு போல் வளைந்து கிடந்த அந்த அணை, அளவான நீரைத் தஞ்சைக்கு அனுப்பிவிட்டு, மிகுந்த வெள்ளத்தை மட்டும் தன் தலைக்கு மேலாகக் கொள்ளிடத்தில் கொட்டவிட்டது. பல நூற்றாண்டுகளாக நின்ற அந்த அணையைச் செப்பனிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று கம்பெனியின் பொறியாளர்கள் நம்பினார்கள். அங்கேதான் முதல் சறுக்கல் காத்திருந்தது.

1804-ல் கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர் காவிரியை ஆராய்ந்தார். கல்லணையின் உயரத்தைக் கூட்டினால் அதிக நீர் தஞ்சைப் பக்கம் நிற்கும் என்பது அவர் கணக்கு. அதன்படி அணையின் உச்சியில் கற்களை நட்டு, சுமார் 69 சென்டிமீட்டர் உயர்த்தினார்கள். கணக்கு பார்வைக்குச் சரியாகவே இருந்தது. ஆனால் அணைக்கு முன்னால் நின்ற நீர் வண்டலையும் நிறுத்தி வைத்தது. சுவர் உயர்ந்தது, அதோடு மணலும் உயர்ந்தது. காவிரியின் படுகை மேடாக ஆக, மேற்கே பிரியும் இடத்தில் கொள்ளிடத்தின் பங்கு இன்னும் பெருகியது. நோய்க்குக் கொடுத்த மருந்தே நோயை வளர்த்துக்கொண்டிருந்தது.

இப்படியே கால் நூற்றாண்டு கழிந்தது. 1829-ல் காவிரிப் பாசனத்தைக் கவனிக்கும் தனிப் பொறுப்பு 26 வயது இளைஞர் ஒருவரிடம் வந்து சேர்ந்தது. 18 வயதில் சென்னைக்குக் கப்பலில் வந்தவர். பெயர் ஆர்தர் காட்டன்.

காட்டன் ஆற்றங்கரையில் நடந்து நடந்து பார்த்தார். அவர் கண்ணில் பட்டது அணையைவிட அணைக்கு முன்னால் குவிந்திருந்த மணல். தண்ணீரை நிறுத்துவதற்கு வழி செய்த பழைய அணையில், மணலை வெளியேற்ற வழி போதவில்லை. அடிமட்டத்தில் மதகுகள் வைத்தால், வெள்ள காலத்தில் அவற்றைத் திறந்து, ஆற்றின் விசையாலேயே மணலை அரித்துத் தள்ளிவிடலாம் என்று அவர் முடிவு செய்தார். ஆனால் மதகு வைக்க வேண்டுமானால் கல்லணையின் உடலை வெட்டித் திறக்க வேண்டும். எத்தனையோ வெள்ளங்களைத் தாங்கி நின்ற அணை அது. உள்ளே எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்பது அன்று உயிரோடிருந்த யாருக்கும் தெரியாது.

1830 வாக்கில் அணையை வெட்டினார்கள். உள்ளே இருந்தது காட்டனைத் திகைக்க வைத்தது. மேலே சுண்ணாம்புக் காரை பூசிய ஓடு. அதற்குக் கீழே கரடுமுரடான கற்கள், இடையிடையே களிமண். பாறை வரை இறங்கிய அஸ்திவாரம் எதுவும் இல்லை. அத்தனை பெரிய அணையும் வெறும் ஆற்று மணலின் மேல் உட்கார்ந்திருந்தது!

அவர் படித்த பொறியியலில் கெட்டியான தரை கிடைக்கும் வரை தோண்டுவதுதான் பாடம். காவிரியிலோ எவ்வளவு தோண்டினாலும் மணல்தான் வரும். பழைய காலத்துத் தமிழ்ப் பொறியாளர்கள் அந்த மணலோடு மல்லுக்கு நிற்கவில்லை. பெருங்கற்களைக் கொண்டுவந்து ஆற்றில் போட்டார்கள். அடியில் மணல் அரிக்க, கல் தன் கனத்தால் இறங்கியது. இறங்கிய கல்லின் மேல் இன்னொரு கல் போட்டார்கள். இனி இறங்க முடியாது என்று கற்கள் தாமாக நிலைகொண்ட பிறகு, அவற்றின் மேல் அணையை எழுப்பினார்கள். அரிக்கிற ஆற்றையே அஸ்திவாரம் போடும் வேலைக்கு வைத்துக்கொண்ட வித்தை அது. ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் இடும் கலையைத் தமக்குக் கற்றுத் தந்தவர்கள் அந்தப் பழங்காலத்தவர்களே என்று காட்டன் பிற்காலத்தில் மனம் திறந்து எழுதினார். அந்தப் பாடம் கையில் கிடைத்ததும், அதுவரை நினைத்துப் பார்க்கவே அஞ்சிய ஒரு திட்டம் அவர் மனத்தில் உருவாயிற்று.

கல்லணையில் வைத்த மதகுகள் பலன் தந்தன. ஆனால் நோயின் வேர் அங்கே இல்லை. மேற்கே, ஆறு பிரியும் இடத்தில்தான் தஞ்சையின் நீர் களவு போனது. அங்கே கொள்ளிடத்தின் வாயிலேயே குறுக்கே ஒரு சுவர் எழுப்பிவிட்டால்? சாதாரண நாள்களில் நீர் சுவரில் மோதிக் காவிரிப் பக்கம் திரும்பும். பெருவெள்ளம் வந்தால் சுவருக்கு மேலாக வழிந்து கொள்ளிடத்தில் போய்விடும். கல்லணை கிழக்கே செய்த வேலையை இந்தச் சுவர் மேற்கே செய்யும். இடையில் காட்டனின் உடல்நலம் கெட்டது. வேலையை விட்டுவிட்டுத் தாயகம் போக வேண்டி வந்தது. திரும்பி வந்தபோது திட்டம் அவருக்காகக் காத்திருந்தது. ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது.

கொள்ளிடத்தையும் நம்பிப் பல குடும்பங்கள் வாழ்ந்தன. கீழே, கடலை நெருங்கும் பகுதியில், தென்னார்க்காட்டின் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டாரத்து வயல்கள் அதன் நீரில் விளைந்தன. சோழர் காலத்து வீராணம் ஏரி அந்த நீரால்தான் நிறைந்தது. மேற்கே சுவர் எழுப்பினால் தஞ்சை செழிக்கும், தென்னார்க்காடு காயும். ஒருவன் வயலை அடைத்து இன்னொருவன் வயலைத் திறப்பதற்குப் பெயர் பாசனம் ஆகுமா?

விடை, இன்னொரு சுவராக வந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலணை தாண்டி வழியும் நீரும், வழியில் சுரந்து ஊறிச் சேரும் நீரும் கொள்ளிடத்தில் எப்படியும் ஓடத்தான் போகின்றன. அவற்றைச் சுமார் 70 மைல் கிழக்கே குறுக்கே தடுத்து, வடவாறு வழியாக வீராணத்துக்குத் திருப்பிவிட்டால் தென்னார்க்காட்டின் பங்கு குறையாது. ஒரே ஆற்றின் குறுக்கே இரண்டு அணைகள். இரண்டும் மணலின் மேல். கட்டி முடிக்கக் கிடைத்த கால அவகாசமோ, ஆற்றில் நீர் வற்றிக் கிடந்த சில மாதங்கள் மட்டுமே.

வேலை தொடங்கியது. வறண்ட படுகையில் செங்கல்லும் சுண்ணாம்பும் கருங்கல்லும் வந்து குவிந்தன. அஸ்திவாரத்துக்குக் காட்டன் கையாண்டது ஊர்க்காரர்களுக்கு வெகு காலமாகத் தெரிந்த வழி. மணற்பாங்கான ஊர்களில் உறை இறக்கிக் கிணறு வெட்டுவார்கள். உறைக்கு உள்ளே இருக்கும் மணலை அள்ள அள்ள, உறை தானாகக் கீழே இறங்கும். அதுபோலவே ஆற்றின் குறுக்கே வரிசையாகச் செங்கல் கிணறுகளை இறக்கி, அவற்றை நிரப்பி, மேலே சுவரைக் கட்டினார்கள். சுவருக்குப் பின்னால் விழும் நீர் மணலைத் தோண்டாதபடி கல் தளம் பரப்பினார்கள். மண் சுமந்த பெண்களும் கிணறு இறக்கிய ஆண்களும் சுண்ணாம்பு அரைத்தவர்களும் கோடை வெயிலில் அந்த மணலில் நின்றார்கள். காட்டனின் பெயரைச் சொல்லும் புத்தகங்கள் அவர்களின் பெயர்களைச் சொல்வதில்லை. 1836-ல் இரண்டு அணைகளும் எழுந்து நின்றன. அடுத்து வர வேண்டியது ஆறுதான்.

ஆறு வந்தது. சுவர் நின்றது. கொள்ளிடத்தின் பக்கம் பாய்ந்த நீர் சுவரில் தடுக்கித் தெற்கே திரும்பிக் காவிரியில் இறங்கியது. தலைமுறைகளாகத் தஞ்சை பார்க்காத நீர் அது. வாய்க்கால்கள் நிறைந்தன, கடைமடை வரை நனைந்தது. கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் ஆறு தன் பதிலை மெதுவாகத்தான் சொல்லும்.

சில ஆண்டுகளில் அந்தப் பதில் தெரிந்தது. இப்போது காவிரிக்கு நீர் அதிகமாகிவிட்டது. விசையோடு இறங்கிய வெள்ளம் காவிரியின் தலைப்பைத் தோண்டிப் பள்ளமாக்கியது. சுவருக்கு முன்னால் கொள்ளிடத்தின் வாயில் மணல் சேர்ந்தது. முன்பு கொள்ளிடம் காவிரியை விழுங்கியது. இப்போது காவிரி கொள்ளிடத்தை விழுங்கப் பார்த்தது. நீர் இல்லையே என்று அழுத தஞ்சை, வெள்ளம் வந்து மூழ்கடித்துவிடுமோ என்று அஞ்சத் தொடங்கியது. 1840-களில் காவிரியின் தலைப்பிலும் படுகை மட்டத்துக்கு ஒரு கிடைச் சுவர் போட்டு, இதற்கு மேல் அரிக்காதே என்று ஆற்றுக்கு எல்லை வகுத்தார்கள். மேலணையிலும் மணல் தள்ளும் மதகுகள் கவனம் பெற்றன. ஒரு கிளையைத் தொட்டால் மறு கிளையும் அசையும் என்பதைப் பொறியாளர்கள் கற்றுக்கொண்டார்கள். அதற்குள் கரிகாலன் அணை சொன்ன பாடம் காவிரியைத் தாண்டிப் பயணம் கிளம்பிவிட்டது.

1833-ல் குண்டூர் முதலான தெலுங்கு மாவட்டங்களைக் கொடும் பஞ்சம் தாக்கியது. பெருவெள்ளமாகக் கடலுக்குப் போகும் கோதாவரிக்கு அருகிலேயே பூமி காய்ந்து கிடந்தது. காவிரியைவிடப் பல மடங்கு பெரிய அந்த ஆற்றின் குறுக்கே, தவளேஸ்வரத்தில், 1847-ல் காட்டன் வேலையைத் தொடங்கினார். அங்கும் படுகை மணல்தான். 1852-ல் அணை முடிந்தது. கோதாவரிக் கரையில் ஊர் ஊராக அவருக்குச் சிலை வைத்து இன்றும் மாலை போடுகிறார்கள். வட இந்தியக் கால்வாய்களில் பணியாற்றிய பேர்ட் ஸ்மித் என்ற பொறியாளர் தெற்கே வந்து காவிரி, கிருஷ்ணா, கோதாவரி அணைகளைப் பார்வையிட்டு, 1856-ல் லண்டனில் அதைப் புத்தகமாகவே வெளியிட்டார். மணலில் அணை கட்டும் தமிழர் வித்தை இப்படி உலகப் பொறியாளர்களின் படிப்பறைக்குப் போனது. அது பிறந்த ஆற்றிலோ, அடுத்த சோதனை திரண்டுகொண்டிருந்தது.

காலப்போக்கில் மேலணையும் கீழணையும் வெறும் சுவர் என்ற நிலையைத் தாண்டின. தூண்கள் எழும்பின. ஏற்றி இறக்கும் இரும்புக் கதவுகள் வந்தன. தூண்களின் மேல் பாலம் வந்தது. 1924 ஜூலையில் காவிரி கண்டிராத பெருவெள்ளம் வந்து டெல்டாவைச் சின்னாபின்னம் ஆக்கியது. வெள்ளத்தை மேலேயே பிடித்து வைக்க ஒரு பெரிய அணை வேண்டும் என்ற நெடுநாள் பேச்சுக்கு அது உயிர் கொடுத்தது. 1934 ஆகஸ்டில் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. அதோடு சேர்ந்து கல்லணையிலிருந்து புதாறு என்ற கல்லணைக் கால்வாய் வெட்டப்பட்டு, காவிரி நீரையே பார்த்திராத ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி மேட்டு நிலங்களுக்கும் பாசனம் வந்தது. புதிய அணை, புதிய கால்வாய் எல்லாம் வந்த பிறகும், ஆறு பிரியும் இடத்தில் காவிரிக்கு எவ்வளவு, கொள்ளிடத்துக்கு எவ்வளவு என்று தீர்மானித்தது அந்த 1836-ஆம் ஆண்டு அணைதான். அதன் பெயரைக் கேட்டால் திருச்சிக்காரர்களுக்கு அணையே நினைவுக்கு வராது.

அதன் பெயர் முக்கொம்பு. ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோற்றோடு போகிற இடம். பிள்ளைகள் ஊஞ்சலாடும் பூங்கா, மர நிழல், ஆடிப்பெருக்கன்று ஆற்றைப் பார்க்கத் திரளும் கூட்டம். பாலத்தின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்ட பல தலைமுறைகள், தங்கள் காலடியில் இருப்பதுதான் டெல்டாவின் தண்ணீர்த் தராசு என்று நினைத்ததில்லை. அந்த நினைப்பு வருவதற்கு ஓர் இரவு விடிய வேண்டியிருந்தது.

2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பியது. வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கன அடி நீர் காவிரியில் வந்தது. முக்கொம்பில் கதவுகளைத் தூக்கி, பெரும் பகுதியைக் கொள்ளிடத்தில் விட்டார்கள். வெள்ளத்தின் உச்சத்தைப் பழைய அணை தாங்கிவிட்டது. ஆபத்து நீங்கியது என்று மூச்சு விட்ட நேரத்தில், ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரவு, கொள்ளிடப் பக்கத்து 9 கதவுகள், தூண்களோடும் மேல் பாலத்தோடும் சரிந்து ஆற்றில் விழுந்தன. 182 ஆண்டு வயதான அணையில் ஒரு பெரிய வாய் திறந்துகொண்டது. தஞ்சைக்குப் போக வேண்டிய நீர், 1836-க்கு முன்பு போனதைப் போலவே, கொள்ளிடம் வழியாகக் கடலுக்கு ஓடத் தொடங்கியது.

நடவு முடிந்தும் முடியாமலும் இருந்த நேரம் அது. தொழிலாளர்கள் இரவும் பகலும் ஓடும் ஆற்றில் இறங்கி மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். பாறைகளை லாரி லாரியாகக் கொட்டினார்கள். கொட்டிய பாறை மணலில் இறங்கியது. அதன் மேல் இன்னும் பாறை கொட்டினார்கள். கரிகாலன் காலத்து வித்தை, ஆபத்து நேரத்தில் ஒருமுறை திரும்பி வந்தது. உடைப்பு அடைபட்டது. கீழே மணலை அளவில்லாமல் அள்ளியதால்தான் அணையின் அடித்தளம் பலமிழந்தது என்று விவசாயச் சங்கங்கள் குரல் எழுப்பின. மணலை நம்பி நிற்கும் அணைக்கு மணல்தான் உயிர் என்று அவர்கள் சொன்னது, காட்டன் அணையை வெட்டித் திறந்தபோது கண்ட உண்மையேதான்.

பழைய அணைக்கு அருகிலேயே 387 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில், கொள்ளிடத்தின் தெற்குப் பிரிவில் 45 கதவுகளும் அதன் வடக்குப் பிரிவில் 10 கதவுகளும் கொண்ட புதிய கதவணை எழும்பி, 2022-ல் திறக்கப்பட்டது. 2021-ல் கல்லணைக் கால்வாயைப் புதுப்பிக்க 2,640 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கால்வாயின் தரையில் கான்கிரீட் போட்டால் நிலத்தடி நீர் ஊறாமல் போகுமே என்று தஞ்சை விவசாயிகள் கேட்டார்கள். சுவரை உயர்த்தினால் மணலும் உயரும், ஒரு கிளையை அடைத்தால் மறு கிளை பள்ளமாகும் என்பதைப் பார்த்த மண்ணிலிருந்து எழுந்த கேள்வி அது. அதற்குக் காது கொடுப்பதுதான் புதுப்பிப்பவர்களின் முதல் கடமை.

காவிரியில் தோற்றவர்கள் எல்லோரும் பழையதைப் பார்க்காமல் மாற்றியவர்கள். வென்றவர்கள் பழையதை வெட்டிப் பார்த்து, உள்ளே இருந்த அறிவைப் படித்துவிட்டுக் கட்டியவர்கள். முக்கொம்பில் இன்று புதிய கதவுகள் ஏறி இறங்குகின்றன. கிழக்கே கல்லணை இன்னும் அதே மணலின் மேல் நின்று காவிரியைத் தஞ்சைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.